31 கோடைகள், 412 தாள்கள்: ஒரு வேதியியல் பேராசிரியரின் ஓவியக் கட்டுகளைப் பிரித்தபோது நடந்தவை

ஒரு பேராசிரியர் இறந்த பிறகு அவர் வீட்டுப் பரணில் இருந்த ஓவியங்களை என்ன செய்தோம், எங்கெங்கே சொதப்பினோம் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதேபோல அப்பாவின் பெட்டியோ தாத்தாவின் பெட்டியோ யார் கையிலாவது வந்து சேரும், அவர்களுக்கு உதவலாம். குடும்பத்தார் பெயர் வேண்டாம் என்றார்கள். அதனால் யார் பெயரும் இல்லை.

பின்னணி

சார் (வேறு எப்படியும் சொல்லிப் பழக்கமில்லை) காவிரிக் கடைமடைப் பக்கத்து ஊர் ஒன்றில் அரசு உதவி பெறும் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். 1999இல் ஓய்வு பெற்றார். நான் 1988 முதல் 1991 வரை அவரிடம் பி.எஸ்சி. படித்தேன், இப்போது வேறொரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் விடைத்தாள் திருத்தி முடித்த கையோடு ஆள் காணாமல் போய்விடுவார். முதல் இரண்டு மூன்று வாரம் தரங்கம்பாடி, அப்புறம் கத்திரி வெயில் உச்சிக்குப் போனதும் கொடைக்கானல், ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் வீடு. கையில் ஒரு ட்ரங்க் பெட்டி, மடக்கு ஸ்டூல், ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர். வாட்டர் கலர் மட்டும்தான். ஆயில் பெயின்ட் பக்கம் போகாததற்கு, கரைப்பான் வாசனை லேபிலேயே போதும் என்று காரணம் சொல்வார்.

அவர் வரைகிறார் என்பது எங்களுக்குத் தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. கூடத்தில் மூன்று படங்கள் பிரேம் போட்டு மாட்டியிருந்தன, அவ்வளவுதான். கண்காட்சி வைத்ததில்லை, விற்றதில்லை, யாருக்கும் பரிசாகக் கொடுத்ததாகவும் தெரியவில்லை. நாங்களும் கேட்டதில்லை.

2019 ஜனவரியில் இறந்தார், 78 வயது. ஏப்ரலில் அம்மா (சாரின் மனைவி) போன் செய்தார்: "தம்பி, வீட்டைக் கொடுக்கப் போறோம். பரண்ல உங்க சார் சாமான் கிடக்கு. பழைய பேப்பர்காரனுக்குப் போடறதுக்கு முன்னால ஒரு தடவை வந்து பார்த்துடு."

பரணிலிருந்து இறக்கியதும் பார்த்தவை

ட்ரங்க் பெட்டி ஒன்று, ஒட்டுப்பலகைப் பெட்டிகள் இரண்டு. உள்ளே 31 கட்டுகள், ஒவ்வொன்றும் அந்தந்த வருடத்துச் செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, மேலே நீலப் பென்சிலில் வருடம் மட்டும் எழுதியிருந்தது. 1981இல் ஆரம்பித்து 2014 வரை, நடுவில் மூன்று வருடம் இல்லை. எல்லாம் சேர்த்து 412 தாள்கள். பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை கண்ணைக் கரித்தது.

1988க்கு முந்தைய தாள்கள் சாதாரண டிராயிங் ஷீட். மரக்கூழில் செய்த மட்டத் தாள், உள்ளே லிக்னின் (மர நாரை இறுக்கிப் பிடிக்கும் பொருள்) இருக்கும், படிகாரமும் ரோசின் என்ற மரப்பிசினும் போட்டுப் பதப்படுத்தியிருப்பார்கள், நாளாக ஆக அமிலம் ஏறிக்கொண்டே போகும். ஓரமெல்லாம் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்து, மடக்கினால் அப்பளம்போல முறிகிற நிலை. அதற்குப் பிந்தையவை புதுச்சேரியில் செய்யும் பருத்திக் கைவினைத் தாள். அவை ஏறக்குறைய வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோலவே இருந்தன. ஆனால் கட்டு எதுவானாலும் செய்தித்தாளை ஒட்டி இருந்த முதல் தாளும் கடைசித் தாளும் பழுத்துப்போய், சில இடங்களில் அச்சு மை தலைகீழ் எழுத்தாகப் படிந்திருந்தது. இராமபாணப் பூச்சி இரண்டு கட்டுகளில் மேல் தோலைச் சுரண்டியிருந்தது. ஏழு கட்டுகளில் பூஞ்சணம்.

கூடத்தில் மாட்டியிருந்த மூன்றும் வேறு விதமாகக் கெட்டிருந்தன. மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் என்பதால் முப்பது வருடத்துக்கு மேல் சாய்வெயில் பட்டிருக்கிறது. கடல், வானம், எல்லாமே ஒரே சாம்பல் நீலம். நான் மாணவனாக அந்த வீட்டுக்குப் போனபோதும் அப்படித்தான் பார்த்த ஞாபகம், மழைக்கால ஓவியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் முடிவுகள், முதல் இரண்டு தவறுகள்

பூஞ்சணம் பிடித்த ஏழு கட்டுகளையும் முதலில் தனியாகப் பிரித்தோம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் கிளம்பிவிடும், எங்கள் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் அதைத் தாண்டாத நாளைத்தான் தேட வேண்டும். அம்மா, மொட்டைமாடியில் ஒரு நாள் காயப்போட்டால் போதாதா என்று கேட்டார். வெயில் பூஞ்சணத்தைக் காயவைக்கும், கூடவே நிறத்தையும் கொண்டுபோய்விடும் என்று சொல்லி, நிழலில் திண்ணையில் மின்விசிறியைத் தாள்மேல் நேராகப் படாதபடி திருப்பி வைத்து நான்கு நாள் உலர்த்தினோம். உலர்ந்து தூளான பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியில் வைத்து மெல்லிய பிரஷால் தட்டினோம். ஈரத்துணி தொடவே இல்லை. இந்த முடிவுகள் சரியாகவே அமைந்தன.

அடுத்து நடந்ததுதான் பிரச்சினை. மே மாதம் மகன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார், திரும்பிப் போகும்போது அப்பாவின் படங்கள் சிலவற்றை எடுத்துப்போக ஆசைப்பட்டார். ஒன்பது படங்களைப் பொறுக்கி நான்தான் பிரேம் கடைக்குக் கொண்டுபோனேன். "நல்லா பண்ணிக் கொடுங்க" என்று மட்டும் சொன்னேன். ஒரு வாரத்தில் வந்தன. பார்க்க அவ்வளவு அழகு. வாட்டர் கலர் தாள் எப்போதும் கொஞ்சம் அலையோடியிருக்கும், இவை கண்ணாடிபோலத் தட்டையாக இருந்தன. "சுருக்கம் இருந்துச்சு சார், பலகையில ஒட்டி இஸ்திரி போட்ட மாதிரி ஆக்கிட்டோம்" என்றார் கடைக்காரர், உண்மையான பெருமையோடு. வெள்ளைப் பசை, ஹார்டுபோர்டு, தாளின் முழு முதுகும் ஒட்டியிருந்தது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் கடையில் எல்லாருக்கும் செய்வதைத்தான் செய்தார். அந்தப் பசை காய்ந்த பிறகு தண்ணீரில் கரையாது. தாளை ஊறவைத்துப் பார்க்கலாம் என்றால் பசைக்கு முன்னால் படம் கரைந்துவிடும்.

இரண்டாவது தவறு என்னுடையதேதான். ஜூனில் பட்டியல் போட உட்கார்ந்தபோது, பார்ப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று கட்டுகளை அவிழ்த்து கடல் தனி, மலை தனி, கோட்டை தனி என்று குவித்தேன். 31இல் 23 கட்டுகளை இப்படிக் கலைத்துவிட்டேன்.

பின்பக்கம்

ஒவ்வொரு தாளின் பின்னாலும் பென்சிலில் ஏதோ கிறுக்கல் இருந்ததை முதல் நாளே பார்த்தோம். எண்களும் ஒற்றை எழுத்துகளும். ரஃப் கணக்கு, பழைய தாளில் வரைந்திருக்கிறார் என்று விட்டுவிட்டோம். சாரிடம் மூன்று வருடம் ரெக்கார்டு நோட்டு எழுதி அடி வாங்காத குறையாகத் திட்டு வாங்கிய நானே அப்படி நினைத்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

செப்டம்பரில் ட்ரங்கின் அடித்தட்டை எடுத்தபோது ஒரு நீளமான அட்டை கிடைத்தது. பதினான்கு நிறங்கள், பட்டை பட்டையாக. ஒவ்வொரு பட்டையிலும் பாதியைக் கறுப்புத்தாளால் மூடி ஜன்னலில் ஒட்டியிருந்திருக்கிறார். கீழே "1987 ஜூன் – 1992 டிசம்பர்". ஒவ்வொரு நிறத்துக்கும் பக்கத்தில் சுருக்கெழுத்து: அ என்றால் அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு, பி என்றால் பிரஷ்யன் ப்ளூ, அ.ம. என்றால் அல்ட்ராமரின் என்ற நீலம், இப்படி. அதை வைத்துக்கொண்டு ஒரு தாளின் பின்பக்கத்தைத் திரும்பப் படித்தேன்:

"சனி, மே 9. 6.40. நி 2 வி. சோ. 58. அ + அ.ம."

நாள், நேரம், காற்று, நிறங்கள். "சோ" சோழகக் காற்று, சில தாள்களில் "க" என்று கச்சான். காற்றுக்கு மீனவர் சொல்லும் பெயரையே எழுதியிருக்கிறார். 58 என்பது கோட்டைச் சுவரிலிருந்து அலை நனைத்த கோடு வரை அவர் நடந்த எட்டுகள், இது அம்மா சொல்லித்தான் தெரிந்தது. "நி 2 வி" மட்டும் ஒரு வாரம் புரியவில்லை.

புரிந்தபோது மொத்தப் படமும் வேறாகிவிட்டது. தரங்கம்பாடியில் சூரியன் கடலில் உதிக்கும், கடலில் மறையாது. ஆனால் சாரின் கடல்கள் பெரும்பாலும் மாலை நேரத்தவை. மே மாதம் அங்கே ஏறக்குறைய ஆறரைக்குச் சூரியன் மேற்கே இறங்கிவிடும். அதன் பிறகு சில நிமிடம் முதுகுப்பக்கம் மேற்கை வைத்துக்கொண்டு கிழக்கே கடலைப் பார்த்தால், தொடுவானத்தை ஒட்டி ஒரு கருநீலப் பட்டை மெல்ல மேலே ஏறும். அது பூமியின் நிழல், வளிமண்டலத்தின்மேல் விழுவது. அதற்கு மேலே ரோஸ் நிறத்தில் ஒரு பட்டை, வீனஸ் பெல்ட் என்பார்கள், மேற்கிலிருந்து வரும் சிவந்த ஒளி திரும்பிச் சிதறுவதால் வருவது. கையை நீட்டி விரலைப் படுக்கவைத்து நிழல் எத்தனை விரல் உயரம் என்று அளந்திருக்கிறார். நிழல் 2 விரல். 6.46க்கு எழுதிய இன்னொரு தாளில் 3 விரல். அழகான கடற்காட்சி என்று நாங்கள் நினைத்ததெல்லாம் பூமியின் நிழல் எழும்புவதை வருடா வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்த குறிப்பு.

கலைத்துப்போட்டதன் விலையும் அன்றைக்குத்தான் தெரிந்தது. தாளில் கிழமை, தேதி எல்லாம் உண்டு, வருடம் இல்லை. வருடம் கட்டின்மேல்தான் எழுதியிருந்தது. ஒன்பது தாள்களின் குறிப்பு பலகையோடு ஒட்டிப்போயிருந்தது, நாங்கள் பின்பக்கத்தை ஒரு போன் படம்கூட எடுத்து வைக்கவில்லை.

நிறத்தை வைத்து வருடம் தேடியது

கிழமை இருந்ததால் பிழைத்தோம். மே 9 சனிக்கிழமையாக வருவது அந்த இடைவெளியில் 1981, 1987, 1992, 1998, 2009 ஆகிய ஐந்து வருடங்களில்தான். மட்டத் தாள் என்றால் முதல் இரண்டில் ஒன்று. பருத்தித் தாள் என்றால் பின் மூன்று. அதற்கு மேல் பிரிக்க அந்த ஜன்னல் அட்டை கைகொடுத்தது.

அட்டையில் வெயில் பட்ட பாதியில் அல்ட்ராமரின் அப்படியே இருக்கிறது, பர்ன்ட் சியன்னாவும் அப்படியே. அலிசரின் கிரிம்சன் போயே போய்விட்டது, கறை மாதிரி ஒரு சாயல் மிச்சம். இதைப் பார்த்துத்தான் சார் 1993 கட்டிலிருந்து அலிசரினை விட்டுவிட்டு குவினாக்ரிடோன் ரோஸுக்கு மாறியிருக்கிறார், 1958இல் விற்பனைக்கு வந்த நிறமி, வெயில் தாங்கும். ஆகவே குறிப்பில் "அ" இருந்தால் 1992 அல்லது அதற்கு முன், "கு" இருந்தால் பின். கூடத்துப் படங்களின் மர்மமும் இதோடு தீர்ந்தது. அவை 1984இல் வரைந்தவை. நிழலின் மேலே இருந்த ரோஸ் பட்டை முழுக்க வெளுத்து, நிழல் மட்டும் தங்கிவிட்டது. அதே வருடத்துக் கட்டில் இருட்டிலேயே கிடந்த கடல்களில் ரோஸ் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. அலிசரின் சாருக்குப் பிடித்த பாடம். 1868இல் கிரேபேயும் லீபர்மனும் அதைச் செயற்கையாகச் செய்தது, அந்த இயற்கைச் சாயத்தின் வணிகம் அதோடு படுத்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சோழமண்டலக் கரையின் மணலில் விளையும் சாயவேரிலும் இதே மூலக்கூறுதான், நம் துணிகளின் சிவப்பு அதுதான் என்று முடிப்பார். அந்தக் கரையில் உட்கார்ந்து அந்தச் சிவப்பையே பூசிக்கொண்டிருந்தார் என்பது வகுப்பில் சொல்லாத பாதி.

அட்டையில் ஒரு முரண் இருந்தது. பிரஷ்யன் ப்ளூவுக்குப் பக்கத்தில் சார் கையால் "பாதிக்குமேல் வெளுத்தது" என்று எழுதியிருக்கிறார். ஆனால் பட்டையைப் பார்த்தால் இரண்டு பாதிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அவர் தப்பாக எழுதுகிற ஆள் இல்லை. 2020 பிப்ரவரியில் கூடத்துப் படங்களைப் பிரேமிலிருந்து எடுத்து, நிற அட்டையைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, பெட்டியில் வைத்தோம். அடுத்த மாதம் ஊரடங்கு. திரும்பத் திறந்தது 2021 ஜனவரியில், மழைக்காலம் முடிந்த பிறகு. மூன்றில் ஒன்று கொடைக்கானல் பள்ளத்தாக்கு, மூடுபனி முழுக்க பிரஷ்யன் ப்ளூவின் மெல்லிய வாஷ். அது பழைய போட்டோவைவிடக் கண்கூடாக ஆழ்ந்திருந்தது. வெளிச்சத்தில் அந்த நிறமியின் இரும்பு ஒடுக்கமடைந்து வெளுக்கும், இருட்டில் காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஓரளவு திரும்பும். ஜன்னல் அட்டையும் 1992க்குப் பிறகு ட்ரங்குக்குள் இருட்டில் கிடந்ததால்தான் பட்டை சமமாகிவிட்டது. ஆகவே இரண்டும் உண்மை. அலிசரினுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது, போனது போனதுதான்.

இப்படியெல்லாம் தேடி, கலைத்த தாள்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு வருடம் திரும்பக் கிடைத்தது. 2005 கட்டு நான் கலைக்காத எட்டுக் கட்டுகளில் ஒன்று. அதில் கொடைக்கானல் மட்டும் இருந்தது. கடல் ஒன்றுகூட இல்லை.

காட்சிக்கு வைத்தபோது

2022 ஆகஸ்டில் சார் வேலை பார்த்த கல்லூரியிலேயே மூன்று நாள், 46 படங்கள். ஜன்னல்களைப் பழுப்புத்தாளால் மூடினோம், எல்.இ.டி. விளக்கு மட்டும். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அதன் பின்பக்கத்தின் புகைப்படத்தை அதே அளவில் வைத்தோம். இந்த ஒரு முடிவுக்காக மட்டும் என்னைப் பாராட்டிக்கொள்கிறேன், மக்கள் குனிந்து படித்தது பின்பக்கத்தைத்தான். உதவிக்கு வந்த மாணவர் பாதிப் படங்களுக்கு "சூரியோதயம்" என்று சீட்டு எழுதிவிட்டார். கிழக்குக் கடற்கரை, சிவந்த வானம், வேறென்ன நினைப்பார்? இரவோடு இரவாக மாற்றினோம்.

இரண்டாம் நாள் தரங்கம்பாடியிலிருந்து ஒரு பெரியவர், மீன்பிடித் தொழிலில் இருந்தவர், பேரன் எங்கள் மாணவன் என்பதால் வந்திருந்தார். "1998 அல்லது 2009" என்று நான் எழுதியிருந்த படத்தின் முன்னால் நின்றார். கரையில் மூன்று கோடு போட்டு ஏதோ வரைந்திருந்தது, நான் அதை மரக்கட்டை என்று நினைத்திருந்தேன். "இது கட்டுமரம் சார், அவுத்துக் காயப்போட்டிருக்கு. சுனாமிக்கு அப்புறம் இங்க எல்லாம் ஃபைபர் போட்டுதானே" என்றார். கட்டுமரம் அடியோடு ஒழிந்துவிடவில்லை என்பதால் "1998, பெரும்பாலும்" என்று திருத்தினோம். அவரோடு உட்கார்ந்து இன்னும் பதினொரு படங்களுக்கு இப்படி முடிவு செய்தோம். இவரை 2019இலேயே தேடிப் போயிருக்க வேண்டும்.

சார் நடந்த எட்டுகளின் கணக்கை வைத்துக் கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. 1306இல் எழுப்பிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்ற ஊர் அது. புவியியல் துறை நண்பர் நிதானமாகத் தண்ணீர் ஊற்றினார்: ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) எந்த நிலையில் இருந்தது என்று தெரியாமல், ஒரு மனிதரின் எட்டை அளவுகோலாக வைத்து எதையும் நிறுவ முடியாது. சரிதான். எண்களை அப்படியே பட்டியலில் விட்டிருக்கிறோம், விளக்கம் எழுதவில்லை.

எதை எங்கே வைத்தோம்

ஒரு நிறுவனம் நல்லதாக இருபது படங்கள் மட்டும் கேட்டது, மீதி வேண்டாம் என்றது. சாரின் மகள் யோசித்துவிட்டு மறுத்தார். ஏற்கெனவே ஒரு முறை கட்டுகளைக் கலைத்து அனுபவித்தது போதும் என்பது அவர் வாதம், நானும் அதையே சொன்னேன். கல்லூரிக்கு அச்சுப் பிரதிகள் கொடுத்தோம். பலகையில் ஒட்டிய ஒன்பதைத் தவிர மூலத் தாள்கள் அனைத்தும் கோயம்புத்தூரில் மகள் வீட்டில், அமிலமில்லாத அட்டை உறைகளில், முடிந்தவரை வருடக் கட்டாகவே திரும்ப அடுக்கி இருக்கின்றன. எங்கள் ஊரைவிட அங்கே காற்றில் ஈரம் குறைவு. வருடம் தெரியாதவை தனிப் பெட்டி. இவை எல்லாம் இரு பக்கமும் ஸ்கேன் ஆகி மூன்று இடத்தில் உள்ளன. பழைய செய்தித்தாள் உறைகளையும் தூக்கிப் போடவில்லை, தாளில் படிந்த தலைகீழ் எழுத்தோடு ஒப்பிட்டு மூன்று தாள்களுக்கு அவைதான் வருடம் சொல்லின.

இப்போது செய்வதாக இருந்தால்

கட்டை அவிழ்க்கும் முன் கட்டைப் படமெடுப்பேன். அவிழ்த்த வரிசையிலேயே எண் போடுவேன், மென்பென்சிலில், ஓரத்தில். வகை பிரிக்கும் ஆசையைக் கணினியில் தீர்த்துக்கொள்வேன், அங்கே எத்தனை முறை கலைத்தாலும் தாள் நகராது. பின்பக்கம் பதிவாகாத ஒரு தாளும் வீட்டைவிட்டு வெளியே போகாது. பிரேம் கடைக்குப் போனால் "பசை கூடாது, மூலையில் மட்டும் பிடிக்க வேண்டும், கண்ணாடி படத்தில் தொடக்கூடாது" என்று எழுதியே கொடுப்பேன். கொடுத்தும் இருக்கிறேன், அடுத்து போட்ட ஐந்து பிரேம்களுக்கு அதே கடைக்காரர் அப்படியே செய்து தந்தார்.

இன்னொன்று, அவர் இருக்கும்போதே கேட்டிருக்கலாம். 2014க்குப் பிறகு ஐந்து வருடம் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார், நான் மாதம் ஒரு முறையாவது போயிருப்பேன், பேசியதெல்லாம் பல்கலைக்கழகப் பாடத்திட்டம்.

ஒட்டிப்போன ஒன்பது படங்கள் மகனிடம் இருக்கின்றன. பட்டியலில் எல்லாத் தாளுக்கும் "பின்குறிப்பு" என்று ஒரு கட்டம் உண்டு. இந்த ஒன்பதுக்கும் முதலில் "இல்லை" என்று போட்டிருந்தேன். மகள் அதை அடித்துவிட்டு "உள்ளது, படிக்க முடியாது" என்று மாற்றினார்.